மௌனத்துக்கு நாற்பது மதிப்பெண்

சோதனை போடுகிற அலுவலகத்தைக் கண்டால் ஊரே பயப்படும். அந்த அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எதைக் கண்டு பயப்படுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எந்த இடத்தைச் சோதனை போடுவது என்று முடிவெடுக்கிற நாளைக் கண்டுதான். போகாமல் விட்ட இடத்தில் ஏதாவது வெடித்தால், "ஏன் போகவில்லை?" என்று கேட்பார்கள். போன இடத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால், "ஏன் போனீர்கள்?" என்று கேட்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. (அந்த மத்தளத்தைப் போட்டித் தேர்வு எழுதி, தெருவுக்கே இனிப்புக் கொடுத்து வாங்கிக்கொண்டவள் நான்.)

எங்கள் அலுவலகம் தஞ்சாவூரில் இருக்கிறது. அரசாங்கத்தின் மற்ற அலுவலகங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று தணிக்கை செய்வதுதான் எங்கள் வேலை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். என் ஊரின் பெயரும் வேண்டாம். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் கரையோடு போனால் வரும். பெயரைப் போட்டால் அப்பா படித்துவிட்டு மறுப்பு மனு அனுப்புவார்.

அப்பாவின் பெயர் மாணிக்கம். ஊரில் 'மனு மாணிக்கம்' என்றால்தான் தெரியும். தாத்தா காலம்வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் நாற்று நட்டது. அப்பா காலத்தில்தான் சொந்தமாக நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, வந்தது. நிலத்துக்கு முன்னாலேயே பேனா வந்துவிட்டது. சுடுகாட்டுக்குப் பாதை வந்தது அப்பாவின் மனுவால். தெருவிளக்கு, தூர் வாராத வாய்க்கால், ஆடு போட்ட குட்டிக்கு வராத மருத்துவர், எல்லாவற்றுக்கும் மனு. தனக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்குக் குறை என்றாலும் அவர்தான் எழுதுவார். கையெழுத்து அவரவருடையது, நடை அப்பாவுடையது. "மாடே மணியடிச்சு நியாயம் கேட்ட சீமை இது. மனுசன் ஒரு மனுவாச்சும் போட வேணாமா?" என்பார். எங்கள் ஊருக்கு நெல் கொள்முதல் நிலையம் வந்ததும், அங்கே ஈரப்பதம் பார்க்கும் இயந்திரம் புதிதாக வந்ததும்கூட அந்த வகையில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சென்னையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே இந்த மாவட்டத்தின் ஊழலை எந்த வரிசையில் ஒழிப்பது என்று யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் அதிகாரி ஹாஜா சார். கடற்கரைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். இதற்கு அவர் கத்தித் தொலைத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவருடைய தேர்வு முறை மிக எளிமையானது. எந்த இடத்தின் மீது மனுக்கட்டு உயரமாக இருக்கிறதோ அங்கே முதலில் போவது. தை மாசம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மாவட்டம் முழுக்கக் கொள்முதல் நிலையங்கள் திறந்துவிடும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜீப். அதனால் கட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்து ஜீப்பைத் திருப்புவார்.

அந்தத் தை மாசத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் நான் எழுந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கத் தோன்றுகிறது.

"சார், மனு அதிகமா வர்ற இடத்துல மட்டும் தப்பு நடக்குதுன்னு சொல்ல முடியாது. எழுதத் தெரிஞ்சவங்க எழுதுறாங்க. பயந்தவங்க எழுத மாட்டாங்க. மணியடிக்காத மாட்டுக்கும் கன்னுக்குட்டி செத்திருக்கலாம் சார்."

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. ஹாஜா சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆபத்து மதிப்பெண் போட்டிருந்தேன். சாகுபடிப் பரப்பை மீறிக் கொள்முதல் ஆகியிருந்தால் இவ்வளவு, கடைசியாகத் தணிக்கை நடந்து வெகுகாலம் ஆகியிருந்தால் இவ்வளவு என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று: போன வருஷம் மனு வந்து, இந்த வருஷம் திடீரென்று ஒன்றுகூட வராமல் நின்றுபோயிருந்தால், யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

"மௌனத்துக்கு எத்தனை மார்க்கும்மா?" என்றார் ஹாஜா சார்.

"நாற்பது சார்."

"நூத்துக்கு நாற்பதா? பேசினா இவ்வளவு கெடைக்காதே." அவருக்குப் பிடித்திருந்தது. "சரி, போடுங்க. மெஷின் எந்த ஊரைச் சொல்லுதோ அங்க போறோம். யாரு சிபாரிசும் கெடையாது. யாரு சொந்தக்காரன் ஊரா இருந்தாலும் சரி."

பொத்தானை அமுக்கினேன். வரிசை புரண்டு, உருண்டு, அடங்கியது. முதலிடத்தில் எங்கள் ஊர் நின்றது.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எங்கள் ஊரேதான். போன வருஷம் மாவட்டத்திலேயே அதிக மனு. இந்த வருஷம் பூஜ்யம். போதாக்குறைக்கு, போன அறுவடையில் ஊரில் விளைந்ததைவிட அதிக நெல் வாங்கியிருக்கிறார்கள். வெளி வியாபாரியின் நெல் விவசாயி பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறது என்று மாடுகூடச் சொல்லும்.

"சார்... அது எங்க ஊரு."

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்க குழுவுல இல்ல," என்றார். "வியாழக்கிழமை காலையில போறோம். அதுவரைக்கும் இந்த அறைக்கு வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. வீட்டுக்கும் சொல்லக் கூடாது. மெஷின் நீங்க கொண்டுவந்ததுதானேம்மா?"

ஊர் முதலிடம் பிடித்ததுகூட எனக்குப் பெரிய பயமாக இல்லை. பயம் அந்தப் பூஜ்யத்தில்தான் இருந்தது. ஊர் மனு எல்லாம் அப்பா எழுதுவது. ஊர் எழுதவில்லை என்றால் அப்பா எழுதவில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டே மின்வாரியத்துக்கு மனு எழுதிய மனிதர் பேனாவை மூடிவிட்டார் என்றால், யார் மிரட்டினார்கள்? என்ன சொல்லி மிரட்டினார்கள்? மாடிப்படிக்கு அடியில் நின்று போன் போட்டேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா தேனு. என்ன, வேல நேரத்துல?"

"சும்மாதான். ஊர்ல யாரும் உங்ககிட்ட வம்புக்கு வரலியே?"

"எங்கிட்டயா? யாரு வரப்போறா?"

"யாராச்சும் பெரிய ஆளுங்க..."

"பெரிய ஆளுங்க என்னையப் பாத்தா அந்தப் பக்கமா சைக்கிளத் திருப்பிடுவாங்க. ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்லப்பா. இப்பல்லாம் மனு கினு எழுதறதில்லையா?"

"இல்லம்மா. அதெல்லாம் விட்டாச்சு."

"ஏம்ப்பா?"

"சும்மாதான்."

தும்மலுக்குக்கூட மூன்று பக்கம் காரணம் எழுதுகிறவர் என் அப்பா. அவர் சும்மாதான் என்கிறார். பேச்சை மாற்ற நினைத்து, நெல் எங்கே கிடக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கொள்முதல் களத்துலதான் கொட்டிக் கெடக்கு. வியாழக்கெழம நம்ம டோக்கன். எட போட்டுட்டா நிம்மதி. வானம் வேற ஒரு மாதிரியா இருக்கு."

வியாழக்கிழமை! தணிக்கைக் குழு போய் இறங்கினால் முதலில் எடை போடுவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே எடை போட்டுத் தைத்து அடுக்கிய சிப்பங்களை எண்ணி முடிக்கும்வரை ஒரு மூட்டை நகராது. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று காலையிலேயே செய்தியில் சொல்லியிருந்தார்கள். நாலு மா நிலத்து நெல், வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற சம்பா, திறந்த களத்தில் கிடக்கிறது. அதை நனைய வைக்கப் போகிற பொத்தானை என் விரல்தான் அமுக்கியது. வீட்டுக்குப் போன் போட்டு நெல்லை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் ரகசியத்தைக் காட்டிக் கொடுத்ததாகும். சொல்லாமல் இருந்தால் நான் மகளே இல்லை.

மறுநாள் ஹாஜா சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், மழை வரும்னு சொல்றது ரகசியத்துல சேருமா?"

"ரேடியோவுல சொல்லிட்டாங்கன்னா சேராது."

"தார்ப்பாய் போட்டு மூடி வைங்கன்னு சொல்றது?"

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "யாருகிட்ட?"

"பொதுவா சார்."

"பொதுவா மூடலாம்."

இதையே எழுத்துப்பூர்வமான அனுமதியாக எடுத்துக்கொண்டு கீழவீதிப் பக்கம் ஓடினேன். கடையில் இருந்ததிலேயே பெரிய நீலத் தார்ப்பாய் இரண்டு வாங்கி ஒரத்தநாடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கெஞ்சி ஏற்றிவிட்டேன். பிறகு அப்பாவுக்குப் போன். தார்ப்பாய் வருகிறது என்றேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன். மத்தியானம் மறுபடி போன் போட்டு வந்துவிட்டதா என்றேன். சாயங்காலம் போட்டு ஒன்றும் பேசாமல் பெருமூச்சு விட்டேன். புதன்கிழமையும் அதே கூத்துதான். பாதுகாப்பாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, உலகத்திலேயே சந்தேகத்துக்கு இடமான மகளாக நான் நடந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஜீப் வாசலில் நின்றது. வானம் கறுத்திருந்தது. குழு கிளம்புகிற நேரத்தில் தபால் வந்தது. ஹாஜா சார் ஒரு பதிவுத் தபாலைப் பிரித்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்லேர்ந்து மனு வந்திருக்கு," என்றார். "நம்ம ஆபீஸ் மேலயே."

வாசிக்கவும் செய்தார். நடையைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. "...என் மகள் தேன்மொழி தங்கள் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். பிறந்தது முதல் வாய் ஓயாமல் பேசக்கூடிய பிள்ளை. கடந்த சில தினங்களாகப் பணி நேரத்தில் தொலைபேசியில் அழைத்து எதுவும் சொல்லாமல் பெருமூச்சு விடுகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். காரணம் கூறாமல் இரண்டு தார்ப்பாய்கள் அனுப்பியுள்ளாள். பேசுகிற பிள்ளை பேசாமல் போனால் யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள் என்றே கருத வேண்டியுள்ளது. ஆகவே ஐயா அவர்கள் நேரில் வந்து விசாரணை செய்து..." அடியில் நகல் போன இடங்களின் பட்டியல். கலெக்டரில் தொடங்கி, பழைய ஆட்டுக்குட்டி மனுவின் முகவரி மாறாமல், கால்நடை மருத்துவரில் முடிந்தது.

"உங்க அப்பாவும் நாற்பது மார்க் போட்டிருக்காரும்மா," என்றார் ஹாஜா சார். குரல் உயரவில்லை. "ஜீப்ல ஏறுங்க."

"நான் குழுவுல இல்லையே சார்?"

"தணிக்கைக்கு இல்ல. மனு விசாரணைக்கு. மனுவுல சொல்லியிருக்கிற ஆளை உயிரோட கொண்டுபோய்க் காட்டணும்ல?"

ஜீப்பின் பின்சீட்டில் இரண்டு அலுவலர்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு என் சொந்த ஊருக்குள் நுழைந்தேன். அரசாங்க ஜீப்பில், நடுவில், தலை குனிந்து. ஊருக்கு வேறு என்ன தோன்றும்? நாங்கள் களத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அம்மா தலைமுடி அவிழ ஓடிவந்தாள். "அய்யோ, எம்புள்ள என்னாங்க பண்ணிச்சு! பத்துப் பைசா எடுக்காதுங்களே!" என்று ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். (அந்த வாரத்தில் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொன்னேனோ, ஒரு தடவைகூட யாரும் நம்பவில்லை.)

எடை மேடைக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அடுத்து எடைக்குப் போக வேண்டியது அவருடைய நெல்தான். ஹாஜா சார் இறங்கி, அங்கிருந்த பட்டியல் எழுத்தரிடம், "இருக்கிற சிப்பத்தை எண்ணி முடிக்கிற வரைக்கும் புது எடை வேண்டாம்," என்றார். முதல் தூறல் அப்போதுதான் என் கையில் விழுந்தது.

"அப்பா, தார்ப்பாய் எங்க? நெல்லு மூடாம கெடக்கே!" என்று கத்தினேன்.

"வீட்டுல பத்திரமா இருக்கும்மா. கயிறு போட்டுக் கட்டி, பீரோ மேல வெச்சிருக்கேன். பிரிக்கவே இல்ல."

"ஏம்ப்பா பிரிக்கல?"

"அது சாட்சிப் பொருள் இல்லையா? விசாரணைக்கு வர்ற அதிகாரிகிட்ட அப்படியே காட்டணும்ல?"

அதற்குப் பிறகு நடந்ததைத் தணிக்கை என்று சொல்ல மாட்டேன். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா என் பின்னால் ஓடி வந்தாள். தார்ப்பாயோடு திரும்பும்போது மழை சடசடவென்று பிடித்துவிட்டது. காற்று வேறு. ஒரு முனையை அப்பா பிடித்தார். இன்னொரு முனையைப் பிடித்தது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஹாஜா சார்தான். அவர் பிடித்ததைப் பார்த்துக் குழுவும் எண்ணுவதை விட்டுவிட்டுப் பக்கத்துக் குவியல்களுக்கு ஓடியது. சாக்கு, பாய், கையில் கிடைத்த எல்லாம். எங்கள் இரண்டாவது தார்ப்பாய் பக்கத்து நெல்லுக்குப் போயிற்று. அப்பாவின் குவியல் மேலே தப்பித்தது, ஓரமெல்லாம் நனைந்துவிட்டது. நெல்லுக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் மிதித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றபடியே ஹாஜா சார் விசாரணையைத் தொடங்கினார்.

"மாணிக்கம், போன வருஷம் உங்க ஊர் மனுவை அடுக்கி வெக்க எங்க ஆபீஸ்ல எடம் இல்ல. இந்த வருஷம் ஒண்ணுகூட வரல. யாரு உங்களத் தடுத்தா? தைரியமாச் சொல்லுங்க."

"யாரும் தடுக்கல சார்."

"அப்புறம்?"

அப்பா என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார். "இவ உங்க ஆபீஸ்ல வேலைக்குச் சேந்தா சார். நான் போடுற மனு இவ மேசைக்கே வரும். கூட வேல பாக்கறவங்க, ஓ, அந்த மனுக்காரன் மகளான்னு கேப்பாங்க. அதான் பேனாவ மூடி வெச்சுட்டேன். ஊர்க்காரங்க வந்தாங்க, வேற ஆளப் பாருங்கன்னுட்டேன். வேற ஆள் இல்ல. அவ்ளோதான் சார்."

"உங்க ஊருல வெளையறத விட அதிக நெல்லு வாங்கியிருக்காங்களே?"

"புது மிஷினு வந்ததுலேர்ந்து இங்க ஈரம் சரியாப் பாக்கறாங்கன்னு பக்கத்து ஊரு சனமெல்லாம் இங்கதான் சார் வருது. அந்த மிஷினுக்கும் நாந்தான் மனு போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் வெயிலில் நின்றவர், அதற்காக ஒருநாளும் வெட்கப்படாதவர், நான் வெட்கப்பட்டுவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்த மூடிய வாய்க்குத்தான் நான் நாற்பது மதிப்பெண் போட்டு ஜீப்பைக் கூட்டி வந்திருக்கிறேன். வாயை அடைத்தது யார் என்று மாவட்டம் முழுக்கத் தேடியிருக்கிறேன், அது நானேதான்.

ஹாஜா சார் சட்டையைப் பிழிந்தார். "எனக்கு ஒரே ஒரு குறைதான் தெரியுது," என்றார். "களத்துல தார்ப்பாய் பத்தாது." அன்றைய தணிக்கைக் குறிப்பிலும் அதுதான் இருந்தது. சிப்பங்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது, எடை சரியாக இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்களின் சிட்டாக்களையும் சரிபார்த்தார்கள். அடுத்த அறுவடைக்குள் எல்லா நிலையங்களுக்கும் தார்ப்பாய் வந்தது. அப்பா அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார், நான் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நனைந்த நெல்லை ரோட்டில் பரப்பிக் காயவைத்தோம். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு காலால் துழாவிக்கொண்டு நடந்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி," என்றாள் அம்மா. சொல்லக் கூடாதும்மா என்றேன். "மெஷினுக்கிட்ட கேட்டதுக்கு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். நான் நெல்லை இன்னும் வேகமாகத் துழாவினேன். நெல் காய்ந்து எடைக்குப் போகிறவரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் மௌனத்துக்கு மதிப்பெண் குறைந்தது. ஒரு ஊர் திடீரென்று பேசாமல் போனால், ஜீப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பஸ்ஸில் போய், டீக்கடையில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று ஹாஜா சார் எழுதி வைத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது நடக்கிறது. எங்கள் வீட்டிலோ மதிப்பெண் குறையவே இல்லை. அம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "நாப்பது மார்க் ஏறிடுச்சு, ஜீப்பு வரப்போவுது," என்பார் அப்பா. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தபோதும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளைக்கு இன்றைக்குவரை எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பயம் உண்டு.

அப்பா மறுபடி எழுதத் தொடங்கினார். நான்தான் புதுப் பேனா வாங்கிக் கொடுத்தேன். ஊர்க்குறை மனுக்கள் தனி. அவை போக, மாசம் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்துவிடும்: "எங்கள் ஊரில் தற்சமயம் குறை ஏதும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." ஊர் இனி ஒருபோதும் பூஜ்யம் வாங்கக் கூடாதாம். அதற்கும் ரசீது போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போடுவேன்.

போன புரட்டாசியில் அந்த மனு வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜீப்புக்காகக் காத்திருக்காமல் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

அப்பா கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைரஸ் காய்ச்சலாம். மாத்திரை போட்டு விட்டுவிட்டதாம். கையில் ரசக்கிண்ணம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக அம்மாவைக் கூப்பிட்டார்.

"பாத்தியாடி, எழுதினா ரசீதுதான் வரும். எழுதாம இருந்தா ஆளே வருது."